வெள்ளரிக்காயும் உலக வீரரும்

ஐந்தாவதாகக் கோட்டைக் கடந்த ஒருவர் தம் சினத்தினால் பத்தாம் இடத்திற்குத் தள்ளப்பட்டார். ஒன்பது புள்ளிகள் போயின. ஆண்டு முடிவில் உலக வீரர் பட்டத்தை இரண்டே புள்ளிகளில் இழந்தார். இது கற்பனையன்று. 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனாவில், பார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் நடந்தது. நெதர்லாந்து வீரர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன், இங்கிலாந்து வீரர் ஜார்ஜ் ரஸ்ஸலுக்கு இடம் விட்டுக்கொடுக்குமாறு தம் குழுவினராலேயே பணிக்கப்பட்டார். விட்டுக்கொடுப்பவர்போல் வேகத்தைத் தணித்தார். மறுகணமே வண்டியை முடுக்கி அவர்மீது மோதினார். நடுவர் பத்து நொடித் தண்டம் விதித்தனர். டிசம்பரில் கணக்கு முடிந்தபோது லாண்டோ நோரிஸுக்கு 423 புள்ளிகள், வெர்ஸ்டாப்பனுக்கு 421.

இந்த இரண்டு புள்ளிகளைக் குறித்து நம் சங்கத்து இளைஞர் இன்னும் வழக்காடி ஓயவில்லை. அரசியல் பேசலாகாது என்று படிப்பகத்துச் சுவரில் எழுதி வைத்த முன்னோர், கார்ப் பந்தயத்தையும் அதில் சேர்த்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

ஒரு சாரார் கூறுவது இது. அந்தச் சினம்தான் அவருக்கு மூலதனம். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் பெற்றவர், எதிரே வருபவருக்கெல்லாம் வணக்கம் சொல்லி வழிவிட்டா பெற்றார்? 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் முதலிடத்தாரைவிட 104 புள்ளிகள் பின்தங்கியிருந்தவர், அதன்பின் வந்த பந்தயங்களில் அவ்விடைவெளியை எல்லாம் கரைத்து, இரண்டு புள்ளிவரை நெருங்கிவந்தார். அடங்கிய மனத்தினரால் இது கூடுமோ? மறு சாரார், நெருங்கினாரே ஒழியப் பெற்றாரில்லையே, அந்த ஒன்பது புள்ளிகளை வைத்துக்கொண்டிருந்தால் இன்று ஐந்தாம் பட்டம் அவருடையதன்றோ என்பர். கணக்கு இரண்டாம் சாராரின் பக்கமே நிற்கிறது. ஆனால் மனிதர் கணக்கைப் பார்த்து விரும்புவதில்லை.

இவ்வழக்கில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் பெரியோர்க்கு ஒன்று நினைவூட்ட விரும்புகிறோம். நம்மவர் ஒருவரும் இத்தகைய சினத்தின் எதிரே நின்றவரே. அவரை ஓர் உலக வீரர் வெள்ளரிக்காய் என்று ஏசினார்.

நாராயண் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க் குடும்பத்துப் பிள்ளை. தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன், தென்னிந்தியக் கார்ப் போட்டிகளில் பெயர் பெற்றவர். மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பந்தயத் தடத்தில் வளர்ந்து, 1996இல் பார்முலா ஆசியா பட்டம் பெற்று, 2005இல் ஜோர்டான் குழுவின் வண்டியில் ஏறி, பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் டயர்ச் சிக்கலால் பெரும்பாலோர் விலகிக்கொள்ள, ஆறே வண்டிகள் ஓடின. அதில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஆறு பேரில் நான்காவது என்று சிலர் நகைப்பர். நகைக்கட்டும். பார்முலா ஒன் ஏட்டில் இந்தியர் ஒருவரின் பெயருக்கு எதிரே புள்ளி என்று எழுதப்பட்டது அது ஒன்றே.

2012இல் அவருக்கு வாய்த்தது ஸ்பெயின் நாட்டு எச்.ஆர்.டி. குழுவின் வண்டி. வண்டி என்று சொல்வதே பெருந்தன்மை. அவ்வாண்டின் முதற்பந்தயமான மெல்போர்னில், முந்தியவரின் நேரத்தில் நூற்றுக்கு நூற்றேழு என்னும் எல்லைக்குள் வராமையால், அக்குழுவின் இரு வண்டிகளும் பந்தயத்திற்கே அனுமதிக்கப்படவில்லை. ஆண்டு முடிவில் குழுவே கலைந்தது. பெருங்குழுக்கள் செல்வத்தை ஆறாக ஓடவிடும் களத்தில் இவர்கள் கைச்செலவுக்குத் திண்டாடினர். இத்தகைய வண்டியில் அமர்ந்தவரின் வேலை என்ன? தம்மைச் சுற்றுக்கணக்கில் கடந்து செல்வோர்க்கு ஒதுங்கி வழிவிடுவது. நீலக்கொடி காட்டினால் விலக வேண்டும். விலகத் தாமதித்தால் தண்டம். மழையில் ஈரமான தடத்தில், பின்னே இடிபோல் வரும் வண்டியைச் சிறு கண்ணாடியில் கண்டு, காய்ந்த கோட்டை விட்டு ஈரத்தில் சக்கரத்தை இறக்கி ஒதுங்குவதென்பது, முதலாவதாக ஓடுவதினும் எளிது என்று யாரும் எண்ண வேண்டா.

2012ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், மலேசியாவின் செபாங்கில் பந்தயம். பெருமழை. ஒன்பது சுற்றுகளுக்குப்பின் பந்தயத்தையே நிறுத்திவைத்தனர். அப்போது நம் கார்த்திகேயன் பத்தாம் இடத்தில் இருந்தார். தொடக்கத்திலேயே பெருமழைக்குரிய டயரைப் பூட்டியிருந்ததன் பயன் அது. பிறர் டயர் மாற்ற ஒதுங்க ஒதுங்க, இவர் ஏறி வந்தார். அந்த வண்டியும் பத்தாவதாக நிற்கும் காட்சியை அன்று தொலைக்காட்சியில் கண்ட நம் வீட்டார்க்கு மகிழ்ச்சி எத்தகையது என்று சொல்ல வேண்டுவதில்லை. நம் தெலுங்கு அண்டைவீட்டாரும் அவரை ‘மனவாடு’ என்றே கூறினர். கோவை எங்கே, காளஹஸ்தி எங்கே என்று அன்று யாரும் பார்க்கவில்லை.

பந்தயம் மீண்டும் தொடங்கியது. மக்லாரன் குழுவின் ஜென்சன் பட்டன் ஒரு வளைவில் கார்த்திகேயனின் வண்டியில் வந்து மோதினார். பட்டன் 2009ஆம் ஆண்டின் உலக வீரர். அதற்கு முந்தைய வாரம்தான் மெல்போர்னில் வென்றவர். அவர் வண்டியின் முன்னிறகு முறிந்தது. வெற்றிக்குரிய இடத்தில் இருந்தவர் பதினான்காவதாக முடித்தார்.

பின்னர் 47ஆம் சுற்று. ரெட் புல் குழுவின் செபாஸ்டியன் வெட்டல், 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளின் உலக வீரர், நான்காம் இடத்தில் வந்துகொண்டிருந்தார். கார்த்திகேயனைச் சுற்றுக்கணக்கில் கடந்தார். கடந்து முடியும் நேரத்தில் அவர் வண்டியின் பின்சக்கரம் கார்த்திகேயன் வண்டியின் முன்னிறகில் உராய்ந்தது. டயர் கிழிந்தது. பதினொன்றாவதாக முடித்தார், புள்ளி ஏதுமில்லை. ஓடும் வண்டியிலிருந்தே கைவிரலால் இழிகுறி காட்டினார். இறங்கியபின் தொலைக்காட்சியினரிடம், சாலையில் திரியும் வெள்ளரிக்காய்கள் பந்தயத் தடத்திலும் உண்டு என்னும் பொருள்படப் பேசினார். செருமானியர் வழக்கில், ஓட்டத் தெரியாதவரை இகழும் சொல் அது.

(வெள்ளரிக்காயை இகழ்ச்சிக்கு ஆக்கிய மக்கள், சித்திரை மாதத்து நண்பகலில் சித்தூர்ச் சாலையில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய ஒரு கீற்றைக் கையில் வாங்கியபின் அச்சொல்லை அவர்கள் வசையாக ஆள மாட்டார்கள்.)

கார்த்திகேயனும் வாளாவிருக்கவில்லை. தாம் இயன்றவரை ஒதுங்கியதாகக் கூறினார். வெட்டலை அழுகுணிப் பிள்ளை என்னும் பொருள்படக் கேலி செய்தார். நடுவர் என்ன செய்தனர்? கார்த்திகேயனுக்கே 20 நொடித் தண்டம் விதித்தனர்.

இங்கேதான் நம்மவர்க்குள் வழக்கு முற்றுகிறது. தண்டம் அநீதி என்பார் பலர். ஏழைக் குழுவுக்கு ஒரு நீதி, செல்வக் குழுவுக்கு ஒரு நீதி என்பர். பிறர் மண்ணில் பிழைக்க வந்து, பத்திரத்திலும் வரிசையிலும் கடைசியாக நிற்கப் பழகியவர்க்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆனால் நம் கருத்து வேறு. வழிவிட வேண்டியவர் கார்த்திகேயன். வழிவிடும் செயலில் உராய்வு நேர்ந்தது. விதியைக் கையில் வைத்திருந்த நடுவர் அவ்விதியின்படித் தீர்த்தனர். வெட்டலும் இன்னும் ஒரு முழம் விலகிச் சென்றிருக்கலாம் என்பது உண்மையே; அவருக்கு இடமிருந்தது; அவசரமில்லை. எனினும் நம்மவர் என்பதற்காகத் தீர்ப்பைத் தள்ளிவிட்டால், நாளை நமக்குச் சாதகமான தீர்ப்பை எந்த முகத்துடன் ஏற்போம்? இதனை எழுதுவதால் சில இல்லங்களில் நம்மீது வருத்தம் வரும். வரட்டும்.

ஓட்டியதில் தீர்ப்பு அது. பேசியதில் தீர்ப்பு வேறு. இங்கேதான் பட்டனை மீண்டும் அழைக்க வேண்டியிருக்கிறது. ஒரே நாள், ஒரே தடம், ஒரே வண்டி. மோதியவர் இருவரும் உலக வீரர்கள். இருவரும் அதனால் பந்தயத்தை இழந்தவர்கள். பட்டன் வண்டியை விட்டு இறங்கி, தவறு தம்முடையது என்று ஒப்புக்கொண்டார். அவரும் உள்ளே கொதித்திருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. முந்திய வாரத்து வெற்றியின் இனிமை நாவில் இருக்கும்போதே பதினான்காம் இடம் யாருக்குக் கசக்காது? பட்டனுக்குச் சினம் குறைவு, ஆகவே வெற்றியும் குறைவு என்று ஓர் இளைஞர் நம்மிடம் வாதிட்டார். பட்டம் ஒன்று, நான்கு என்று எண்ணினால் அவர் சொல்வது சரி. ஆனால் செபாங்கில் அன்று இருவர்க்கும் கிடைத்த புள்ளி ஒன்றே: பூச்சியம். விரல் காட்டியவர்க்கு அதனால் ஒரு புள்ளியும் கூடவில்லை.

வெட்டல் இழந்த நான்காம் இடத்தின் மதிப்பு 12 புள்ளிகள். அவ்வாண்டின் கடைசிப் பந்தயம் பிரேசிலில். முதற்சுற்றிலேயே மோதுண்டு சுழன்று கடைசிக்குப் போனவர், ஒவ்வொருவராகக் கடந்து ஆறாவதாக முடித்து, பெர்னாண்டோ அலோன்சோவை 281க்கு 278 என மூன்றே புள்ளிகளில் வென்று மூன்றாம் பட்டம் பெற்றார். அந்த மூன்று புள்ளி மறுபக்கம் சாய்ந்திருந்தால், செருமானிய நாட்டில் நம் கோவைப் பிள்ளையின் பெயர் தலைமுறைக்கும் வசைச்சொல்லாகியிருக்கும். கார்த்திகேயன் பார்முலா ஒன்னில் ஓட்டிய கடைசிப் பந்தயமும் அந்தப் பிரேசில் பந்தயமே.

வெட்டலின் கதை அத்துடன் முடியவில்லை. வெர்ஸ்டாப்பனின் அன்பர்கள் அதன் பிற்பகுதியைப் படிப்பது நன்று. மறுவருடம் அதே செபாங்கில், குழுவின் கட்டளையை மீறித் தம் உடன்குழுவினர் மார்க் வெப்பரைக் கடந்து வென்றார். 2017இல் அஜர்பைஜானின் பாகுவில், பாதுகாப்பு வண்டியின் பின்னே மெல்லச் சென்றுகொண்டிருக்கையில், லூயிஸ் ஹாமில்டனின் பக்கவாட்டில் வேண்டுமென்றே இடித்தார், தண்டம் பெற்றார், பின்னர் வருத்தம் தெரிவித்தார். அதே மனிதர் 2021இல், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் பந்தயம் முடிந்தபின், பார்வையாளர் விட்டுச்சென்ற குப்பைகளைக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார். 2022இல் ஓய்வு பெற்றபோது, எதிரணியாரும் அவரைக் கட்டித் தழுவி வழியனுப்பினர். பிறவிக்குணம், மாறாது என்று கட்சி கட்டுவோர்க்கு இது இடையூறான செய்தி.

வெர்ஸ்டாப்பனிடமும் அவ்வாறு ஒரு செய்தி உண்டு. பார்சலோனாவில் பெற்ற தண்டத்தால் அவர் உரிமத்தில் 11 குற்றப்புள்ளிகள் சேர்ந்தன. ஓராண்டுக்குள் 12 சேர்ந்தால் ஒரு பந்தயத்தில் ஓட்டத் தடை. அந்நிலையில் நான்கு வாரம் சென்று ஆஸ்திரியாவில், முதற்சுற்றிலேயே அந்தோனெல்லி என்னும் பதினெட்டு வயது இளைஞர் அவர்மீது மோதி, அவர் பந்தயத்தையே முடித்துவிட்டார். அதுவும் அவர் குழுவின் சொந்த மண்ணில். வெர்ஸ்டாப்பன் அவரை ஏசவில்லை; இத்தகைய பிழை எல்லோர்க்கும் நேர்வதே என்று ஆறுதலாகப் பேசினார். குற்றப்புள்ளி அச்சமா, இளையவர்மீது இரக்கமா என்று படிப்பகத்தில் இதற்கும் இரு கட்சி உண்டு. நாம் இரக்கம் என்றே கொள்கிறோம்.

பழைய கதைகளை விரிக்கப் புகுந்தால் இதழ் போதாது. 1990இல் ஜப்பானின் சுசுகாவில் சென்னா, பிராஸ்டின் வண்டியில் மோதிப் பட்டத்தை முடித்துக்கொண்டார். மறுவருடம் அது வேண்டுமென்றே செய்ததென ஒப்பினார். 1997இல் ஷூமாக்கர், வில்நெவ்மீது மோதப்போய்த் தாமே வெளியேறினார். அவ்வாண்டுப் பட்டியலிலிருந்தே அவர் பெயர் நீக்கப்பட்டது. இருவரையும் உலகம் இன்றும் கொண்டாடுகிறது.

நிற்க. இவ்வளவும் எழுதத் தூண்டியவர் நம் இல்லத்தரசி ஒருவர். அவர் மகன் ஸ்ரீசிட்டித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறார். நிறுவனப் பேருந்தை விடுத்து மோட்டார் சைக்கிளில் போய்வருகிறார். இரவுப் பணி முடித்துத் திருப்பதி திரும்பும்வரை அன்னை வாயிற்படியில் அமர்ந்திருப்பார். மகன் வெர்ஸ்டாப்பன் கட்சியில் முதல்வர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. “பந்தயத்தைப் பற்றி எழுதுங்கள் ஐயா. பார்க்க வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், எழுதினால் அவன் முதல் வரியோடு இதழை மூடிவிடுவான்” என்றார்.

அவ்விளைஞர் இவ்வளவு தூரம் படித்து வந்திருப்பார் என்று நம்பி இதனை எழுதுகிறோம். 2021இல் சில்வர்ஸ்டோனில் வெர்ஸ்டாப்பனின் வண்டி, புவியீர்ப்பைப்போல் 51 மடங்கு விசையுடன் தடுப்பில் மோதியது. அவர் தம் காலால் இறங்கி வந்தார். 2020இல் பஹ்ரைனில் குரோஜானின் வண்டி இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. அரை நிமிடத்திற்குள் அவரும் நெருப்பிலிருந்து எழுந்து வந்தார். அவர்கள் அமர்ந்திருப்பது கரிநார்க் கூட்டுக்குள். தலைக்குமேல் உலோக வளையம். கழுத்தைத் தாங்கக் கச்சை. தடத்தின் ஓரத்தில் மருத்துவர். எதிரே வண்டி வராது. குறுக்கே எருமை வராது. அத்தனை காப்பும் உள்ள தடங்களே உயிர் குடிப்பதுண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். அன்று எஞ்சிய பந்தயங்களை எல்லாம் நிறுத்திவிட்டனர். சத்தியவேட்டுச் சாலையில் இரவு இரண்டு மணிக்கு நீலக்கொடி காட்டுவார் யாருமிலர்.

நம் ஊரிலேயே ஒரு விந்தைப் பந்தயத் தடம் உண்டு. அதில் முன்னே வந்தவர்க்குத் தண்டம். திருமலையிலிருந்து இறங்கும் பாதை 1944இல் அமைந்தது. 36 கொண்டையூசி வளைவுகள். ஏறும் பாதை 1974இல் அமைந்தது. ஏறுவதற்கு 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம் என்பது வண்டியோட்டிகள் மனப்பாடமாக அறிந்த கணக்கு; சீட்டில் நேரம் குறிக்கப்படும்; அதற்கு முன்னே கீழ்வாயிலை அடைந்தால் குற்றம். நம் சங்கத்தார் சிலர் ஆண்டுக்கணக்காக அப்பாதையில் வாடகை வண்டி ஓட்டுகின்றனர். அவருள் மூத்தவரிடம் வெர்ஸ்டாப்பனைப் பற்றிக் கருத்துக் கேட்டோம். பார்சலோனாக் காட்சியை மகன் கைபேசியில் காட்ட, இருமுறை உற்றுப் பார்த்தார். “கை நல்ல கை. பின்னாலே பக்தர்கள் இருந்தால் தெரியும்” என்றார். பிறகு, நேரம் மிஞ்சிப்போனால் கடைசி வளைவுக்கு முன்னே வண்டியை ஓரங்கட்டித் தேநீர் குடிக்கும் ஓட்டுநரைப் பற்றி நெடுநேரம் குறைபட்டுக்கொண்டார். மேலே பறந்து வந்துவிட்டுக் கீழே காத்திருப்பது எந்த ஊர் நியாயம் என்பது அவர் கேள்வி. சிரித்தோமாயினும், பந்தய நடுவர் குழு தேடவேண்டிய ஆள் அவர் என்று நமக்குப் பட்டது.

அன்னையின் வேண்டுகோளை மகனிடம் சொன்னபோது அவர் சினந்தாரில்லை. பட்டன் ஒப்புக்கொண்டதை மட்டும் நம்ப மறுக்கிறார். படம் காட்டினால் ஏற்பேன் என்கிறார். வரும் திங்கள் இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கூடத்தில் 2012ஆம் ஆண்டுச் செபாங் பந்தயத்தைத் திரையிடச் செயற்குழு இசைந்துள்ளது. மழையால் நின்ற ஏறத்தாழ ஒரு மணி நேரத்தை வெட்டிவிடுமாறு கேட்டிருக்கிறோம். மகளிர்க்கும் சிறுவர்க்கும் முன்வரிசை. வெள்ளரிக்காய் சங்கச் செலவில் வழங்கப்படும்.